உள்மூச்சில் ஒரு ஆமா

“அங்க மழையாப்பா?”

“ஆமா.”

“படகைக் கரையேத்தியாச்சா?”

“ஆமா.”

“அதென்ன, ஒவ்வொரு ஆமாவுக்கும் மூச்சை உள்ள இழுக்கிறீங்க? உலகத்துல எல்லாரும் வார்த்தைய வெளிய விடுவாங்க. நீங்க முழுங்குறீங்க.”

“வெளிய விட்டா காத்து தூக்கிட்டுப் போயிடும், லொரெட்டா. நம்ம காத்து உனக்குத் தெரியாதா?”

நியூஃபவுண்ட்லாந்துக் காற்று அவளுக்குத் தெரியும். அந்தத் தீவின் கடல்முனையில், பாறைமேல் நிற்கும் வீட்டில் பிறந்தவள். ஒருவனை நம்பி டொரான்டோவுக்குப் போன பிறகு, அந்தக் காற்றைத் தொலைபேசியில்தான் கேட்டாள். அப்பாவின் குரலுக்குப் பின்னால் அது வீசிக்கொண்டே இருக்கும்.

நம்பியவன் அவளை விட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் அப்பாவைக் கூப்பிட்டாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தொண்டைவரை வரும்.

மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

போன குளிர்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

இப்போது அயர்லாந்தில், வாட்டர்ஃபோர்டுக்குப் பக்கத்தில், ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நம் ஆட்கள் இந்தக் கரையிலிருந்துதான் மீன் பிடிக்கக் கப்பலேறினார்கள் என்று அப்பா சொல்வார். பாட்டனுக்கும் பாட்டன் காலம். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவருக்காகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

பெஞ்சின் மறுமுனையில் யாரோ ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். செய்தித்தாளில் சுற்றிய முட்டைக்கோஸ் ஒன்றை நடுவில் வைத்தார்.

“துறைமுகத்துப் பஸ் இங்க நிக்குமா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

அவர் மூச்சு உள்ளே போயிற்று.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அது வேறு யாரோ ஆகிவிடும்.

“மழை வரும் போல இருக்கே?”

“ஆமா.”

“முட்டைக்கோஸ் உங்க தோட்டத்துதா?”

“ஆமா.”

பதில் தெரிந்த கேள்விகளாகப் பொறுக்கிக் கேட்டாள். ‘இல்லை’ என்று வரக்கூடிய எதையும் கேட்கவில்லை. முட்டைக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மடிப்பில் மண் ஒட்டியிருந்தது.

கடல் தாண்டிப் போனவர்கள் எதை எதையோ தொலைத்திருக்கிறார்கள். இந்த மூச்சை விடவில்லை.

கேள்விகள் தீர்ந்துவிட்டன.

கிழவர்தான் பேசினார்.

“பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கு. ஆனா இங்க உன்னைப் பார்த்ததில்லையே. யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?”

அப்பாவின் ஊரிலும் புதிய முகத்தைக் கண்டால் இதைத்தான் கேட்பார்கள். பேர் கேட்க மாட்டார்கள்.

பாறைமேல் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

வளைவில் பஸ் தெரிந்தது.

அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முட்டைக்கோஸை இடுக்கிக்கொண்டார். பஸ் மூச்சிரைத்து வந்து நின்றது. கதவு திறந்தது.

அவள் கை அவருடைய சட்டைக்கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விடவும் முடியவில்லை. முகத்தை மட்டும் இப்போதும் பார்க்கவில்லை.

“நான் வீட்டுக்கு வந்துடட்டுமாப்பா?”