சர்வைவல் கத்தியின் முதல் வேலை

மலையேற வந்தவரின் பையிலிருந்து விழுந்த ஒரு புதுக் கத்தி, உறை நழுவி, ஓடைக்கரைப் பாறையிடுக்கில் கூர் வெளியே தெரியச் செருகிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்துக்கயிறு வேரில் சிக்கியிருந்தது. ஏறிவந்த வெள்ளம் அதன் வயிற்றைத் தொட்டது.

"அண்ணே, காப்பாத்துங்க!" என்று குட்டி கத்தியது.

"பயப்படாதே. நான் மிலிட்டரி கிரேடு. டாக்டிகல். எக்ஸ்ட்ரீம் சர்வைவல் எடிஷன்..." என்றது கத்தி.

"கயிறு அறுப்பீங்களா?"

கத்தி திகைத்தது. "தெரியலையே. நான் வந்த அட்டைப்பெட்டி மேல அதை எழுதலை."

குட்டி காத்திருக்கவில்லை. கயிற்றைக் கத்தியின் கூர்மேல் வைத்து இழுத்து இழுத்துத் தேய்த்தது. கயிறு பட்டென்று அறுந்தது. குட்டி துள்ளி மேட்டில் ஏறியது.

"அறுத்துட்டேன்! பார்த்தியா, நானே அறுத்துட்டேன்!" கத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தம்பி, வேற ஏதாவது கயிறு இருக்கா?"