ஆறு கீறல்கள்

“ஆறாவது தடவையா புகார் வந்திருக்கு! நீ கட்டி அனுப்புன தகட்டுல கீறலா? என்னால நம்பவே முடியலம்மா,” என்று மேனேஜர் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

அவள் பதறவில்லை. கடிதத்தின் கையெழுத்தையே பார்த்தபடி நின்றாள்.

தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கண்ணாடியக்கா’ என்று பெயர். நிறம் பூசிய இரும்புத் தகடுகளை விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது அவள் வேலை. பூச்சில் கடுகளவு கொப்புளம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நல்ல தகடுகளுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து அடுக்கி, இரும்புப் பட்டையால் இறுக்கிக் கப்பலுக்கு அனுப்புவாள்.

“பின்ன எப்படிம்மா கீறல் விழுது?”

“வழியில ஏதாச்சும் ஆகியிருக்கும் சார்.”

“லாரியிலயா? கப்பல்லயா? அங்க இறக்கும்போதா?”

“கூடவே போய்ப் பார்த்தாத்தானே தெரியும்?”

மேனேஜர் மோவாயைத் தடவினார். “சரக்கு வாங்குற இந்தக் கம்பெனி கைவிட்டுப் போனா நம்ம பொழப்பு கந்தல்தான். ரெண்டு வருஷமா நீ லீவு கேட்டப்பல்லாம் கையை விரிச்சேன். இப்ப நானே போகச் சொல்றேன் பாரு! சரக்கோட நீயும் போ. கண்கொத்திப் பாம்பா பாத்துக்க.”

“சரிங்க சார்,” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

சரக்குக் கப்பலில் அவளுக்கு ஓர் ஓரத்து அறை கிடைத்தது. காலையில் ஒருமுறை கட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் பிறகு கடல்தான். கரையே இல்லாத ஒற்றை நீலத் தகடாக அது விரிந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் அதிலும் குறை தேடினாள். கப்பல் போன தடம் மட்டும் வெள்ளையாக நீண்டு, மெல்லக் கரைந்தது. எஞ்சின் முனகலில் கண் செருகும். கப்பல் போகிறதா, கரைதான் தன்னைத் தேடி வருகிறதா என்று அரைத்தூக்கத்தில் அவளுக்குப் பிடிபடாது.

ஐந்தாம் நாள் காலை, அக்கரைக் கிடங்கில் கட்டைப் பிரித்தார்கள். சரக்கைப் பெற்றுக்கொள்ளும் குமாஸ்தா ஒவ்வொரு தகடாகத் தூக்கச் சொல்லிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

“சரக்கு சுத்தம்!” என்று கையெழுத்திட்டான். ஆட்கள் கலைந்தார்கள்.

கிடங்கு காலியானதும் அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டு வருஷமாச்சு, உன் முகத்தைப் பார்த்து,” என்றான் அவள் கணவன். “உன்னை எப்படியாச்சும் இங்க வரவழைக்கணும்னு மூணு தடவை நானே ஆணியால கீறிட்டுப் புகார் எழுதினேன். ஆனா மத்த மூணு தடவை, கட்டைப் பிரிக்கும்போதே கீறல் இருந்துச்சு. அது எப்படின்னுதான் எனக்கு இன்னும் விளங்கல.”

அவள் கொண்டையில் செருகியிருந்த ஊசியை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.