லேபிள் இல்லாத டின்

டுரியான் துங்கால் ஊரில், கோமளாவின் அடுப்படியில் குறை கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன்.

தலைக்கு வலை, கைக்கு உறை, டைபாய்டு ஊசி போட்ட அட்டை, எல்லாம் இருந்தன. சிங்க்கைக்கூட முகம் தெரியத் தேய்த்து வைத்திருந்தார். மேசையில் தீபாவளிக்காக நாற்பது டின் நெய் உருண்டை.

சுகாதாரப் பரிசோதகர் வேலையில் இப்படி ஒரு வீடு அமைவது அபூர்வம். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஆனால் ஒரு டின்னிலும் லேபிள் இல்லை. செய்தவர் பெயரும் முகவரியும் ஒட்டாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கையெழுத்து இல்லையென்றால் அவருக்கு இந்தத் தீபாவளி வியாபாரமே இல்லை.

கோமளா முகம் சுளிக்கவில்லை. அச்சடித்த லேபிள்கள் தயாராகத்தான் இருந்தன. ஒட்டத்தான் நேரம் கிடைக்கவில்லையாம். மளமளவென்று ஒட்டினார்.

முப்பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம் மிஸ். ஒரு அம்மா சொந்த டின்ன கொடுத்து வாங்குவாங்க. மருமக வந்த வருஷத்துல இருந்து ரெகுலர் லா. தானே செஞ்சதா வீட்டுல சொல்லியிருக்காங்க. லேபிள பார்த்தா மானம் போயிடும்ல."

"ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்கா" என்று கறாராகச் சொல்லிவிட்டு டின்னைக் கையில் எடுத்தேன்.

நீல நிற பிஸ்கட் டின். மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அது எப்படி நசுங்கியது என்று எனக்குத் தெரியும். போன வருடம் என் மகன் கவிநேசன் அதன் மேல் ஏறி நின்று பல்பைத் தொடப் பார்த்தான்.

ஒன்பது தீபாவளியாக நான் பிடிக்கும் உருண்டை கையிலேயே உதிர்ந்துபோகிறது. அதற்கெல்லாம் கை வரவேண்டும் என்பார் என் மாமியார் பெரியநாயகி. அவர் பிடிக்கும் நாளில், கண்பட்டால் உடைந்துவிடும் என்று எங்களையெல்லாம் ஆயர் குரோ மிருகக்காட்சி சாலைக்குத் துரத்திவிடுவார்.

கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. ஒன்பது வருடமாக இதைக் கட்டிக்காத்திருக்கிறாரே என்று பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

லேபிள் ஒட்ட வேண்டும் என்பதுதான் விதி. எந்தப் பக்கம் என்று என் படிவம் கேட்கவில்லை.

டின்னைத் தூக்கிப் பிடித்து அடியில் நானே ஒட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

"அந்தம்மா எப்பக்கா வருவாங்க?"

"சனிக்கிழம காலையில, பத்து மணிக்கு மிஸ்."

இந்தச் சனிக்கிழமை கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு, மாமியார் சொல்வதற்கு முன்பே, ஒன்பதரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும்.