ரோமாபுரிக் காசும் உப்புத்தாளும்

"தேய்ச்சிட்டியா?"

நாணயச் சங்கத்துக்காரர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே கணக்கு வாத்தியார் மனைவியிடம் கேட்டார்.

"ஆமா. நீங்க நாற்காலி இரவல் வாங்கப் போயிருந்தப்ப. பச்சைப் பசேல்னு பாசி பிடிச்ச மாதிரி கிடந்துது. நாலு பேர் பார்க்கப்போற சாமானாச்சேன்னு எலுமிச்சம்பழம் போட்டு ஊறவச்சு, உப்புத்தாளால ஒரு தேய் தேய்ச்சேன்."

வாத்தியாரின் உள்ளங்கையில் இருந்தது ரோமாபுரி வெண்கலக் காசு. ஒரு மாதமாகச் சங்கத்தில் அதே பேச்சு. அதைக் காட்டுவதற்காகவே கூட்டத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அது சட்டைப் பொத்தான் மாதிரி மின்னியது. முன்பக்கத்துச் சக்கரவர்த்திக்கு மூக்கைக் காணோம். பின்பக்கம் தராசு பிடித்து நின்ற தேவதைக்குத் தராசும் இல்லை, தலையும் இல்லை.

"அது பாசி இல்ல, களிம்பு. அது ஏறவே ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஆகும்."

"இறங்குறதுக்கு அரை மணிதான் ஆச்சு."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"பார்த்தீங்களா சார்? குரங்கு கையில பூமாலை. இதான் என் தலையெழுத்து."

"எங்க வீட்டுல பீரோ சாவி என் இடுப்புலதான் இருக்கும்," என்றார் ஒருவர்.

"படிச்சவங்கதானேம்மா நீங்க?" என்றார் இன்னொருவர்.

அவள் டீ போடப் போனாள்.

துக்கம் விசாரிக்க வந்த மாதிரி ஒவ்வொருவராக வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எப்பேர்ப்பட்ட காசு" என்று பெருமூச்சு விட்டார், அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர்.

சங்கத் தலைவர் மட்டும் பூதக்கண்ணாடியை வைத்துக் காசின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார்.

"அழுக்கு எடுக்கிறவங்க ரெண்டு பக்கத்தையும் தேய்ப்பாங்க. ஓரத்தை எதுக்கும்மா இப்படி வழவழன்னு இழைச்சீங்க?"

அவள் தேயிலையை அள்ளிப் போட்டாள். "நீங்கதானே காலைல போன் பண்ணிச் சொன்னீங்க. இவர் அனுப்பின போட்டோவுல ஓரத்துல அச்சுல வார்த்த கோடு தெரியுது, காசு போலின்னு."

"நான் அவர்கிட்ட பக்குவமாச் சொல்லத்தானே சொன்னேன். எல்லார் முன்னாடியும் அவமானப்பட வேண்டாமேன்னு."

ஹாலிலிருந்து வாத்தியாரின் குரல் கேட்டது. "சுத்த முட்டாள் சார் அவ." துக்கம் பாதி தீர்ந்து, குரலில் தெம்பு வந்திருந்தது.

தலைவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "நீங்க எதுக்கும்மா இந்தப் பேச்சு வாங்கணும்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து என்னை முட்டாள்னு சொல்லி அவருக்குப் பழக்கம்," என்றபடி அவள் டீயை வடிகட்டினாள். "தன்னையே சொல்லிக்கணும்னா தாங்கமாட்டார்."