கயிறு பிடிக்கிறவன்

“ஏலே மாப்ளே, பிரேக் போச்சுடே!”

வில்பிரட் போட்ட கூச்சலில், பக்கத்து இருக்கையில் இருந்த அம்புரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கார் கீழவைப்பார் வளைவில் ரோட்டை விட்டு இறங்கி, உடைமர வேலியை முட்டி, மணலில் புதைந்து நின்றது. மணல் மட்டும் இல்லையென்றால் இரண்டு பேர் கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் முடியாத 1948-ம் வருஷம். தூத்துக்குடி மோட்டார் கிளப்காரர்கள் முதல் தடவையாகக் கார்ப் பந்தயம் வைத்திருந்தார்கள். துறைமுகத்து ஜெட்டியில் புறப்பட்டு, வேம்பார் போய், மறுபடி ஜெட்டிக்கே வந்து சேர வேண்டும். புறப்பட்ட ஏழு வண்டிகளில் மூன்று போகிற வழியிலேயே படுத்துவிட்டன. திரும்பும்போது வில்பிரட்டுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. இந்த நேரம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்!

வில்பிரட் காருக்கு அடியில் நுழைந்து பார்த்தான். காலால் மிதிக்கிற கட்டையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி இரண்டாக முறிந்து தொங்கியது. கை பிரேக் போன மாசமே போய்விட்டது.

“போதும் அத்தான். வண்டியை இங்கனயே விட்ருவோம்,” என்றான் அம்புரோஸ்.

“விடவா? சங்கு குளிச்சு முன்னுக்கு வந்த பயலுக்குக் காரு ஒரு கேடான்னு கிளப்புல சிரிக்கானுவ. அந்தக் கப்பை அவனுவ முன்னாலயே வாங்கலைன்னா நான் வில்பிரட் இல்ல.”

பின் இருக்கையில் கிடந்த பழைய கயிற்றை எடுத்தான். முறிந்த கம்பியின் நுனியில் கட்டி, காரின் தரைப்பலகை ஓட்டை வழியாக மேலே இழுத்து, மறுமுனையை அம்புரோஸ் கையில் கொடுத்தான்.

“நான் ‘பிடி’ன்னு சொன்னா பலங்கொண்ட மட்டும் இழு. வண்டி நின்னுரும்.”

அம்புரோஸுக்கு அந்தக் கயிறு தெரியும். நாலு வருஷம் வில்பிரட் அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் சங்குக்கு முங்கினான். தோணியில் இருந்து அதைப் பிடித்தவன் அம்புரோஸ்.

“மறுபடியும் என் கையிலயா?” என்றான்.

“பின்னே? முங்குறவனுக்குக் கயிறு பிடிக்க பொண்டாட்டி கூடப் பொறந்தவனைத்தானே வைப்பாங்க. சொந்தத் தம்பின்னா சொத்துக்கு ஆசைப்பட்டு விட்ருவான். மச்சினன் விடமாட்டான். அவன் அக்கா தாலிதானே கயித்துல தொங்குது!”

சொல்லிவிட்டு வில்பிரட் பெரிதாகச் சிரித்தான். அம்புரோஸ் சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிப்பான்? தாய்வீட்டில் இருந்த அக்கா ஹில்டாவுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் வேண்டும் என்று முந்தாநாள் புன்னைக்காயலிலிருந்து வந்து கெஞ்சினான். ரேஷன் பெட்ரோல் பந்தயத்துக்கே மட்டுமட்டு, மாட்டுவண்டி பிடித்துக்கொள் என்று அனுப்பிவிட்டான் இந்த மகராசன். கட்டின பெண்டாட்டிக்கு! இன்று காலை, பந்தயம் புறப்படுகிற நேரத்தில் அம்புரோஸ் மறுபடி வந்து நின்றான். துணைக்கு வருவதாகச் சொன்னவன் வராத எரிச்சலில் இருந்த வில்பிரட், “பேச்சு பெறகு, ஏறு முதல்ல,” என்று அவனைக் காருக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கார் மணலிலிருந்து ஏறி ஓடத் தொடங்கியது.

“ஏம்டே உம்முன்னு வார? காலையில மறுபடி காரு கேக்கத்தானே வந்த?”

“இல்ல அத்தான். இனிமே காரு வேண்டாம்.”

“மாட்டுவண்டி கிடைச்சிட்டா?”

“கிடைச்சது. பழையகாயல் வரைக்கும் வந்துட்டோம்.”

“நான் சொன்னேன்லா! காய்ச்சல் எப்படி இருக்கு?”

“இப்போ இல்ல.”

“அவ்வளவுதான் விஷயம். இதுக்குப்போய் முந்தாநாள் அந்த அழுகை அழுத. சாயங்காலம் கப்போட போய் நிக்கேன் பாரு, மிச்சச் சீக்கும் ஓடிரும்.”

அம்புரோஸ் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

தருவைகுளத்தில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. “பிடி!” என்று அலறினான் வில்பிரட். அம்புரோஸ் இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மந்தைக்கு நாலடி முன்னால் வண்டி நின்றது.

“மச்சினன்னா மச்சினன்தாம்டே!” வில்பிரட் அவன் முதுகில் தட்டினான். “இன்னும் ஒரே ஒரு தடவை. ஜெட்டியில கப்பு வச்சிருக்க மேசையைத் தாண்டினா நாப்பது கெஜம்தான் கல்லுத் தளம். அதுக்கப்புறம் கடல். அங்கன மட்டும் அசந்துராத.”

திரேஸ்புரத்துக்குள் நுழையும்போது முன்பக்கத்திலிருந்து ஆவி புகைந்தது. பின்னால் போட்டியில் இருந்த ஜெபசிங்கின் கார் ஹாரனை அலறவிட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. வில்பிரட் வேகத்தைக் கூட்டினான்.

“அத்தான், ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அக்காவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“கப்பை வாங்கிட்டுக் கேக்கேன்.”

“காலையில இருந்து சொல்லப் பாக்கேன் அத்தான்.”

“நீ வேற! அவ எங்க ஓடிரப் போறா?”

அம்புரோஸ் அதற்குப் பிறகு வில்பிரட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஜெட்டி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஜனம். கொடி அசைந்தது. வெள்ளிக் கப்பு இருந்த மேசை சர்ரென்று பின்னால் போனது.

“ஜெயிச்சாச்சுடே! பிடி!”

கயிறு இறுகவில்லை.

“பிடிடே! கடல்! கடல் வருது!”

அம்புரோஸ் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வில்பிரட்டின் மடியில் வைத்தான். மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி.

“விடியக்காலம், பழையகாயல்ல வச்சு, அக்கா மூச்சு நின்னதும் வண்டிக்குள்ளயே நான்தான் கழட்டினேன் அத்தான்,” என்று சொல்லிவிட்டு, அம்புரோஸ் கயிற்றை விட்டான்.