மாற்று ஏற்பாடு

"ஏங்க, கரண்ட் போச்சு!" வாசல் பக்கமிருந்து மனைவி கத்தினாள்.

"போகட்டும், பேட்டரி இருக்கு!" கம்ப்யூட்டரிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. வீட்டிலிருந்தே ஷேர் வியாபாரம் செய்கிறவர் இதற்கெல்லாம் அசருவாரா?

ஐந்தே நிமிடத்தில் நெட்டும் நின்றது.

மனைவி மூச்சு வாங்க வந்து நின்றாள். "சகுனமே சரியில்லைங்க. பொண்ணோட காலேஜ் பணம் அது. இன்னிக்கு விட்டுடுங்களேன்."

"சகுனமாவது மண்ணாவது! ஒண்ணு போனா இன்னொண்ணு. யார்கிட்ட?"

செல்போன் நெட்டை கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். மொத்தப் பணத்தையும் ஆப்ஷன் என்ற ஷேர் பந்தயத்தில் போட்டார்.

சந்தை மூடியபோது, காலேஜ் பஸ்ஸுக்குக்கூடக் காசு மிஞ்சவில்லை.

தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாமே மொத்தமா புட்டுக்கிட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்டி! இந்தப் பாழாப்போன போன் மட்டும் ஏன்தான் வேலை செஞ்சுதோ!"

மனைவி அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த துணிகளுக்கு அடியிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்தாள். வாசலுக்குப் போய் அதை மாட்டினாள். பிடுங்கிப் போட்டிருந்த நெட் ஒயரையும் சொருகினாள்.

உள்ளே, அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது.