நான் இருக்கேண்ணே

ஓர் அரிசி மில்லின் ஆபீஸ் ரவுட்டருக்கு ஒரே வழிதான் தெரியும். குடோனுக்குப் போகிற செய்தியை எல்லாம் வாசலில் இருக்கும் கேட் ரவுட்டரிடம் தள்ளிவிட வேண்டும். மில் தொடங்கியபோது அதற்கு எழுதிவைத்த வழி அது.

கேட் ரவுட்டருக்கோ ஓயாமல் குரல் கொடுக்கிற பழக்கம். "அண்ணே, இருக்கீங்களா? நான் இருக்கேண்ணே." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நான் இருக்கேண்ணே."

"நீ, நான், குடோன் ரவுட்டர்னு மூணே பேர் இருக்கிற இடத்துல எதுக்குடா இந்த நச்சரிப்பு?" என்று ஆபீஸ் ரவுட்டர் எரிந்து விழுந்தது.

"என் சத்தம் நின்னுபோனா நீங்க குடோனுக்கு நேரா போற பின்பக்க வயர் வழியா அனுப்பலாம்ல, அதுக்குத்தாண்ணே."

"எனக்கு வழி தெரியும். நீ வாயை மூடு."

கேட் ரவுட்டர் மூடவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் வாசலில் இடி விழுந்தது. குடோனுக்குப் பின்னால் ஏரிக்கரையும் உடைந்தது. 'மூட்டையைப் போட்டுட்டு எல்லாரும் வெளியே ஓடுங்க' என்று ஆபீஸிலிருந்து குடோனுக்குச் செய்தி கிளம்பியது. ஆபீஸ் ரவுட்டர் வழக்கம்போல அதை வாசல் பக்கம் தள்ளியது. பதில் வராததால் அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தது. ரவுட்டரும் சளைக்காமல் அதே பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது.

வாசலிலிருந்து மட்டும் சத்தமே இல்லை.

"அப்பாடா," என்றது ஆபீஸ் ரவுட்டர். "இப்பவாவது பயலுக்குப் புத்தி வந்துச்சே."